விரைவும் பிடிப்பும்

திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரையில் நீண்டு கிடக்கும் கடைத்தெருவுக்குச் சாலை என்பது பெயர். மளிகையும் பாத்திரமும் பூவும் பொன்னும் விற்கும் அத்தெருவில் தமிழ் ஒலி கேளாத நாள் இல்லை. சாலை என்ற சொல்லுக்குப் பொருள் பல. வழியும் சாலை, அறம் நடக்கும் இடமும் சாலை, கல்வி பயிலும் இடமும் சாலை. இராசராச சோழனுடைய மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலையை இந்நகரின் வலியசாலைப் பகுதியோடு இணைத்துப் பேசும் அறிஞரும் உளர். அந்த ஆராய்ச்சிக்குள் நாம் இப்போது புகவில்லை. சாலையைத் தொட்டுக்கொண்டே ஓடும் ஒரு பொருளைப் பற்றித்தான் இன்று பேச்சு. அது மோட்டார் காரின் டயர். அதிலும், விரைந்து ஓடுவதற்கென்றே அமைந்த காருக்கு உரிய டயர்.

கடைத்தெருவுக்கும் விரைவுக் காருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாசர் இக்கடைத்தெருவை நிறுவினார். கடை கட்டியதோடு அவர் நின்றுவிடவில்லை. தெற்கேயிருந்து சரக்கு தடையின்றி வந்து சேரவேண்டுமே என்று கருதிக் கிள்ளியாற்றுக்கும் கரமனையாற்றுக்கும் பாலம் அமைத்தார். வணிகம் சிறக்க வழி வேண்டும், வழியில் சக்கரம் நிலைத்து ஓடவேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அன்று அப்பாலங்களின்மீது ஏறி வந்தவை மாட்டு வண்டிகள். அவற்றின் மரச் சக்கரங்களைச் சுற்றி இரும்புப் பட்டை பூட்டப்பட்டிருந்தது. இரும்புப் பட்டை எளிதில் தேயாது. ஆனால் அதிர்ச்சியைத் தாங்காது, ஈரக் கல்லில் வழுக்கும். மாடு நடக்கும் வேகத்துக்கு அது போதும். குதிரை ஓடும் வேகத்துக்கே அது போதாது. மோட்டாரின் வேகத்துக்கு அது எங்ஙனம் போதும்?

இக்குறையைத் தீர்க்க முதலில் வழி கண்டவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். 1839-இல் சார்லஸ் குட்இயர் என்பவர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றி உறுதியாக்கும் முறையைக் கண்டிருந்தார். அவ்வாறு பதப்படுத்திய ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்து, மேலே தோலுறை போர்த்திச் சக்கரத்தில் பூட்டலாம் என்று தாம்சன் 1845-இல் காப்புரிமை பெற்றார். லண்டன் பூங்கா ஒன்றில் குதிரை வண்டியில் பூட்டி ஓட்டியும் காட்டினார். வண்டி ஓசையின்றி ஓடியது. குதிரைக்கு இழுப்பதும் எளிதாயிற்று. ஆயினும் மெல்லிய ரப்பர் அன்று மலிவாகக் கிடைக்கவில்லை. உலகம் அவரை மறந்தது.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப் தம் மகனுடைய மூன்று சக்கர மிதிவண்டிக்குக் காற்றடைத்த குழாய் பூட்டிப் பார்த்தார். 1888-இல் காப்புரிமையும் பெற்றார். தாம்சனின் பழைய உரிமை பின்னர் வெளிப்பட, டன்லப்பின் உரிமை செல்லாததாயிற்று. ஆனால் அதற்குள் டயர் தன் வழியில் புறப்பட்டுவிட்டது. அதைப் புறப்படச் செய்தது ஒரு பந்தயமே. 1889-இல் பெல்பாஸ்ட் மைதானத்தில் வில்லியம் ஹியூம் என்ற மிதிவண்டி வீரர் காற்றடைத்த டயரோடு வந்தபோது, அதன் பருமனைக் கண்டு கூட்டத்தார் நகைத்தனர். பந்தயம் முடிந்தபோது நகைப்பு அடங்கியது. அவரே வென்றார்.

1895-இல் பாரிசிலிருந்து போர்டோ சென்று திரும்பும் மோட்டார்ப் பந்தயம் நடந்தது. சுமார் 1,200 கிலோமீட்டர்த் தொலைவு. மிச்செலின் சகோதரர் இருவர் காற்றடைத்த டயர் பூட்டிய காரோடு அதில் கலந்துகொண்டனர். வழி நெடுகிலும் டயர் வெடித்தது, இறங்கி ஒட்டினர், மீண்டும் வெடித்தது. குறித்த காலத்துக்குள் அவர்களால் முடிக்க இயலவில்லை. எனினும் கார் வந்து சேர்ந்தது. தோல்வி என்று பிறர் எண்ணியதை அவர்கள் சோதனை என்று கொண்டனர். டயரின் பலவீனத்தை மறைக்காமல் வெளிப்படுத்தும் இடம் பந்தயக் களம் என்பது அன்றே நிலைபெற்றது.

இனி, அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது? 1876-இல் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டுக் காட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனை அடுத்த கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை மிகச் சிலவே. அவற்றுள் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. 1902-இல் பெரியாற்றங்கரையில், தட்டேக்காட்டில் வாணிக அளவிலான ரப்பர்த் தோட்டம் தோன்றியது. அஃது அன்றைய திருவிதாங்கூர் நாடு. பின்னர்த் தெற்கே கல்குளம், விளவங்கோடு மலைச்சரிவுகளிலும் ரப்பர் மரங்கள் அணிவகுத்தன. அவ்விரு வட்டங்களும் 1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. இன்றும் நம் நாட்டில் விளையும் இயற்கை ரப்பரில் பெரும்பங்கு கேரளத்தினுடையது. வைகறையில் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு மரத்தின் பட்டையைச் சீவும் தொழிலாளியின் உழைப்பில்தான் டயரின் வரலாறு நாள்தோறும் தொடங்குகிறது.

1938-ஆம் ஆண்டு திருவனந்தபுரத்துக்கு இரு வகையில் நினைவுக்குரியது. அவ்வாண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசு தன் பேருந்துப் போக்குவரவைத் தொடங்கியது. லண்டனிலிருந்து அழைக்கப்பட்ட சால்ட்டர் என்பவர் அதனை அமைத்துக் கொடுத்தார். தெற்கே நாகர்கோவில் செல்லும் வழி அப்பேருந்துகள் தொடக்கத்தில் ஓடிய வழிகளுள் ஒன்று. காற்றடைத்த டயரின்மேல் ஏறிப் பொதுமக்கள் ஊர் விட்டு ஊர் போகும் காலம் அரசின் துணையோடு பிறந்தது.

அதே ஆண்டில் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி மூடப்பட்டது; மலையாள மனோரமா பத்திரிகையும் மூடி முத்திரையிடப்பட்டது. இரண்டிலும் முதன்மை பெற்றிருந்த கே.சி. மாம்மன் மாப்பிள்ளை திருவனந்தபுரத்தில் சிறைப்பட்டார். செல்வம் போயிற்று. அவருடைய மைந்தர் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை அப்போது இளைஞர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற அவர், 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகளுக்கான பலூன் செய்யத் தொடங்கினார். செய்த பலூனைத் தாமே பையில் இட்டுக்கொண்டு சென்னைத் தெருக்களில் கடை கடையாகச் சென்று விற்றார். 1952-இல், தேய்ந்த டயர்களுக்கு மேற்பட்டை போடுவதற்கான ரப்பரை உற்பத்தி செய்யலானார். 1961-இல் ஒஹையோவின் மான்ஸ்பீல்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து டயர்த் தொழிற்சாலையே எழுந்தது. மெட்ராஸ் ரப்பர் பாக்டரி என்ற அதன் பெயரின் சுருக்கமே இன்று ஊரறிந்த எம்.ஆர்.எப். இந்தியாவில் முதல் டயர்த் தொழிற்சாலையை 1936-இல் வங்கத்தின் சாகாகஞ்சில் நிறுவியது அயல்நாட்டு டன்லப். கால் நூற்றாண்டுக்குள் திருவிதாங்கூரில் வீழ்ந்த ஒரு குடும்பம் தமிழ் மண்ணில் அதே தொழிலில் எழுந்து நின்றது.

இதற்கிடையே டயரின் உள்ளமைப்பே மாறத் தொடங்கியிருந்தது. பழைய டயரில் நூல் அடுக்குகள் ஒன்றுக்கொன்று சாய்வாகக் குறுக்கிட்டுக் கிடக்கும். ஓடும்போது அவை ஒன்றோடொன்று உராயும். உராய்வால் வெப்பம் பிறக்கும். வெப்பம் டயரின் பகை. 1946-இல் மிச்செலின் நிறுவனம் ஒரு புதிய அமைப்புக்குக் காப்புரிமை கோரியது. அதில் நூல்கள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேர்க்குறுக்காக ஓடும். மேலே எஃகு இழைப் பட்டை இறுக்கிப் பிடித்திருக்கும். அதனால் பக்கச் சுவர் வளைந்து கொடுக்கும்; தரையைத் தொடும் பகுதியோ தட்டையாகப் பதிந்து நிற்கும். இதுவே ரேடியல் டயர். 1970-களின் நடுவில் இத்தாலியின் பைரெல்லி நிறுவனம் பக்கச் சுவரின் உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டி, பி-7 என்ற டயரை விரைவுக் கார்களுக்கு அளித்தது. 1990-களின் தொடக்கத்தில் சிலிக்கா என்னும் மணற்சத்தை ரப்பரில் கலக்கும் முறை பரவியது. ஈரத் தரையிலும் பிடிப்பு, உருளுவதில் எளிமை ஆகிய இரண்டும் அதனால் ஒருங்கே கிட்டின.

தமிழர்க்கும் மோட்டார்ப் பந்தயத்துக்கும் உள்ள உறவு பலர் எண்ணுவதைவிடப் பழையது. 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைந்த சோழவரம் விமானத் தளத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடந்தது. பின்னர் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனிக் களம் எழுந்தது. கோயம்புத்தூரின் கரிவரதன், மாருதிக் காரின் இயந்திரத்தைக் கொண்டு பந்தயக் கார் அமைத்து, எளிய செலவில் இளைஞர் பயிலும் வழியைத் திறந்தார். அவர் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். அவர் காட்டிய ஊரிலிருந்தே நரேன் கார்த்திகேயன் என்னும் இளைஞர் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

அவ்வாண்டு ஜூன் 19-ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த நிகழ்ச்சி டயரின் வரலாற்றில் ஒரு தனி அத்தியாயம். அன்று பந்தயத்தில் கலந்துகொள்ள வந்தவை 10 அணிகளின் 20 கார்கள். ஏழு அணிகளுக்கு மிச்செலின் டயர்; மூன்று அணிகளுக்குப் பிரிட்ஜ்ஸ்டோன் டயர். இரண்டு நாட்களுக்கு முன் நடந்த பயிற்சியில், சாய்தளமாக உயர்ந்து திரும்பும் பதின்மூன்றாம் வளைவில் மிச்செலின் டயர் சிதைந்து ரால்ப் ஷூமாக்கரின் கார் சுவரில் மோதியது. வேறு டயர்களிலும் பக்கச் சுவரில் சிதைவு தென்பட்டது. அவ்வளைவில் முழு வேகத்தில் செல்லும்போது பக்கச் சுவர்மீது விழும் பாரம் மிகப் பெரிது. அவ்வாண்டின் விதிப்படி பந்தயம் முழுதும் ஒரே தொகுதி டயரில் ஓடவேண்டும்; இடையில் மாற்றலாகாது.

மிச்செலின் நிறுவனத்தார் ஆராய்ந்தனர். வளைவில் வேகத்தைக் குறைத்தாலன்றித் தங்கள் டயர் பந்தய முடிவுவரை தாங்கும் என்று உறுதி கூற இயலாது என்றனர். வளைவுக்கு முன் ஒரு தடுப்பு வளைவு அமைத்தால் ஓடலாம் என்று வேண்டினர். விதியை வகுத்தோர் இசையவில்லை. பந்தய நாளில் 20 கார்களும் முன்னோட்டச் சுற்றில் வந்தன. சுற்றின் முடிவில் மிச்செலின் பூட்டிய 14 கார்களும் ஒதுங்கிக் கூடாரத்துக்குள் சென்றுவிட்டன. களத்தில் நின்றவை ஆறே கார்கள். திரண்டிருந்த மக்கள் கூச்சலிட்டனர். ஜோர்டான் அணிக்காகப் பிரிட்ஜ்ஸ்டோன் டயரில் ஓட்டிய நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளி பெற்றார். ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் பெற்ற முதற் புள்ளிகள் அவையே.

எதிரிகள் விலகியதால் கிடைத்த புள்ளி என்று அதனைக் குறைத்துப் பேசுவாரும் உண்டு. அது முழுதும் சரியன்று. 73 சுற்றும் காரைச் சுவரில் மோதாமல் ஓட்டி முடித்தவருக்கே அப்புள்ளி உரியது. ஆனால் நாம் இங்கே கருதவேண்டியது வேறொன்று. உலகப் புகழ் பெற்ற ஒரு நிறுவனம், கோடிக்கணக்கானோர் கண்முன், 'எம் டயர் இந்த வளைவில் தாங்காது' என்று ஒப்புக்கொண்டது. அதனால் பெயருக்கு இழுக்கும் பணத்துக்கு இழப்பும் நேர்ந்தன. சீட்டு வாங்கியோர்க்குப் பணத்தைத் திருப்பித் தரவும் அந்நிறுவனம் முன்வந்தது. உயிர் ஒன்றும் போகவில்லை. டயரைத் தேர்ந்தெடுக்கும் கலையின் முதற்பாடம் இதுதான்: எது தாங்கும் என்று அறிவதினும் எது தாங்காது என்று ஒப்புக்கொள்வது அரிது, அதுவே உயிர் காப்பது.

இப்பாடத்தை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். இன்று ஓர் இளைஞர் விரைவுக் கார் ஒன்றை வாங்குகிறார். சில திங்களில் அதன் சக்கரத்தைப் பெரிதாக்கி, அகலமான தட்டை டயர் பூட்டவேண்டும் என்ற ஆசை பிறக்கிறது. ஆசை தவறன்று. ஆனால் டயரின் பக்கச் சுவரில் எழுதியிருப்பதைப் படித்தறியாமல் பூட்டுவது தவறு. சான்றாக, 205, 55, ஆர் 16, 91 வி என்று குறித்திருந்தால், அகலம் 205 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு. ஆர் என்பது ரேடியல். சக்கரத்தின் விட்டம் 16 அங்குலம். 91 என்ற எண் ஒரு டயர் 615 கிலோகிராம் பாரம் சுமக்கும் என்பதைச் சுட்டும். வி என்ற எழுத்து மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்பதற்கு அறிகுறி. எச் என்றால் 210. டபிள்யூ என்றால் 270. அருகில் நான்கு இலக்கங்கள் ஒரு நீள்வட்டத்துள் இருக்கும். முதல் இரண்டு, செய்த வாரம். பின் இரண்டு, ஆண்டு. ரப்பர் ஓடாமலே முதிரும் பொருள் ஆதலின், கடைக்காரரிடம் விலை கேட்குமுன் இவ்விலக்கத்தைப் பார்த்தல் நலம்.

நம் நாட்டுச் சாலையில் எவரும் 240 கிலோமீட்டர் வேகத்தில் செல்லலாகாது, செல்லவும் இடமில்லை. பின் அந்த எழுத்து எதற்கு? அது வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலின் அளவு. கோடை வெயிலில் தார் கொதிக்கும்போது, நான்கு பேரும் சாமானுமாக நெடுவழி செல்லும் காருக்கு அந்த ஆற்றல் காப்பாக நிற்கும். ஆகவே கார் செய்தவர் விதித்த பார எண்ணுக்கும் வேக எழுத்துக்கும் கீழே ஒருபோதும் இறங்கலாகாது.

பிறகு மழை. இடவப்பாதியும் துலாமழையும் என ஆண்டுக்கு இரு பருவம் நனையும் ஊர் திருவனந்தபுரம். சாலையில் நீர் தேங்கி நிற்க, டயரின் பள்ளங்கள் அந்நீரை வெளியேற்றாவிடில், கார் நீரின்மேல் மிதக்கும். அப்போது சுக்கானைத் திருப்பினாலும் கார் திரும்பாது. பிரேக்கை மிதித்தாலும் நிற்காது. 1960-களில் அமெரிக்க விண்வெளி ஆய்வுத் துறையினர் விமான டயர்களைக்கொண்டு ஒரு கணக்கு வகுத்தனர். அக்கணக்கின்படி, 32 பவுண்டு காற்றழுத்தமுள்ள தேய்ந்த டயர் தேங்கிய நீரில் மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீட்டரில் மிதக்கத் தொடங்கும். காற்றுக் குறைந்தால் அவ்வெல்லை இன்னும் கீழே இறங்கும். டயரை அகலமாக்கினால் உலர்ந்த தரையில் பிடிப்புக் கூடும். ஆனால் அகல டயர் வெளியேற்ற வேண்டிய நீரும் மிகுதி. சட்டப்படி காரின் டயரில் 1.6 மில்லிமீட்டர்ப் பள்ளம் எஞ்சியிருந்தால் போதும். மழை நாட்டில் அந்த எல்லை வரை காத்திருப்பது அறிவுடைமை ஆகாது.

இன்னும் மூன்று செய்திகள் மனத்தில் இருத்தற்குரியன. மென்மையான ரப்பர் நன்கு பற்றும்; ஆனால் விரைவில் தேயும். இரண்டையும் ஒரே டயரில் நிறைவாகப் பெற இயலாது. ஆகவே நம் ஓட்டம் எத்தகையது என்று நாமே தெளிதல் வேண்டும். பக்கச் சுவர் மிகக் குறைந்த டயர் வளைவில் உறுதியாக நிற்கும். குழியில் விழுந்தாலோ அதிர்ச்சி நேரே சக்கரத்துக்குப் போகும், சக்கரம் நெளியும். நான்கும் ஒருங்கே மாற்ற முடியாமல் இரண்டு மட்டும் மாற்றினால், புதியவற்றைப் பின்புறம் பூட்டுக. பின்புறம் வழுக்கினால் கார் சுழலும். அதனைத் திருத்தப் பெரும்பாலோரால் இயலாது.

எவ்வளவு விலையுயர்ந்த காராயினும் அது நிலத்தைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வோர் இடமும் ஓர் உள்ளங்கை அளவே. இயந்திரத்தின் ஆற்றலும் பிரேக்கின் வலிமையும் ஓட்டுபவரின் திறமையும் அந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகவே நிலத்தைச் சென்று சேரவேண்டும். காரை ஓடச் செய்வது இயந்திரம். நிற்கச் செய்வது டயர். விரைவை விரும்புவோர் இரண்டாவதற்கே முதலில் பொருள் செலவிடக் கடமைப்பட்டவர்.

கேசவதாசர் கடையைக் கட்டுவதோடு பாலத்தையும் கட்டினார் என்று தொடக்கத்தில் கூறினோம். ஆற்றைக் கடக்க வழியில்லாதவிடத்துச் சரக்கு எத்துணைச் சிறந்ததாயினும் சந்தைக்கு வந்து சேராது. விரைவுக் காருக்கும் நிலத்துக்கும் இடையே அத்தகைய பாலமாக நிற்பது டயர். இன்றும் கிள்ளிப்பாலத்தைக் கடந்து, மழை நீர் ஓடும் வழியில், எத்தனையோ வண்டிகள் விரைகின்றன. அவற்றுள் அமர்ந்திருப்போர் அனைவரும் வீடு போய்ச் சேரவேண்டும். விரைவு வேண்டும் என்று விழைவோர், வண்டியை எடுக்குமுன் ஒரு நிமிடம் குனிந்து, தம் டயரைக் கண்ணால் பார்த்து, 'இது இன்றைய மழையைத் தாங்குமா?' என்று கேட்டுக்கொள்வாராக. தாங்காது என்று தோன்றினால், இண்டியானாபொலிசில் 14 கார்கள் ஒதுங்கியது போல் ஒதுங்குவதில் இழிவு ஒன்றும் இல்லை.